கோவா டாக்டரின் ஜீன்

மலைநாட்டில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஹட்டனில் பல்லுக்கு ஒருவர், நுவரெலியாவில் கண்ணுக்கு ஒருவர், தலவாக்கலையில் எல்லாவற்றுக்கும் ஒருவர். ஆனால் கோவாவின் நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கிற டாக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். கோவா என்று நாங்கள் சொல்வது முட்டைக்கோஸை. வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் தோட்டத்து லயம் ஒன்றில், அதாவது தொழிலாளர் வரிசை வீடொன்றில், அவர் இருக்கிறார். உறையின் மேல் 'கோவா டாக்டர்' என்று எழுதினால் தபால்காரர் நேராகக் கொண்டுபோய்க் கொடுப்பார். சொந்தப் பெயரைப் போட்டால் கடிதம் திரும்பி வந்துவிடும்.

அந்தக் குழல் தோட்டத்து மருந்துச்சாலையில் கழித்துப் போட்டது. ஒரு காது மட்டும்தான் வேலை செய்யும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகும் முன்பு, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் தோட்டம் பயிரிடக் கொடுத்திருந்த தன் காணித்துண்டில் இறங்குவார். ஒவ்வொரு கோவாவிலும் குழலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"என்னங்க டாக்டரே, மூச்சு வருதா?" என்று போகிறவர்கள் கேட்பார்கள்.

"மூச்சு இல்லீங்க, பல்லுச் சத்தம். உள்ளார மூணு பேரு உக்காந்து சாப்புடுறாங்க."

வெட்டிப் பார்த்தால் மூன்று புழு இருக்கும். நாலு இருந்தால், "ஒருத்தன் தூங்கிக்கிட்டு இருந்திருப்பான்" என்பார்.

என்னைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை நிற்காது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கு இந்தப் பக்கத்தில் என் கடைதான் பெரிய மருந்துக்கடை. மனுஷனுக்கான மருந்து இல்லை, பயிருக்கானது. பூச்சி மருந்து, உரம், விதை, மருந்தடிக்கிற டாங்கி எல்லாம் என்னிடம் உண்டு. மூடியைத் திறக்காமலே போத்தலை மோந்து பார்த்து உள்ளே என்ன மருந்து என்று சொல்லுவேன். பட்டம் வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர் என் கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று சந்தேகம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு லொறியும் ஒரு மாடி வீடும் புழு எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தவை. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. இப்படிப்பட்டவன் கடை வாசலில் வந்து நின்று, "முதலாளி, புழுவே தொடாத கோவா ஒண்ணு செய்யப் போறேன்" என்று ஒரு மனிதர் சொன்னால் எப்படி இருக்கும்? சவப்பெட்டிக் கடையில் போய், இனி யாரும் சாகப்போவதில்லை என்று சொன்ன மாதிரி இருந்தது.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. டாக்டர் என் கடைக்குப் பதினைந்து வருஷ வாடிக்கைக்காரர். மற்றவர்கள் மாதிரியே டாங்கியை முதுகில் மாட்டி மருந்தடித்துக்கொண்டிருந்தவர்தான். அவருடைய மனைவி ராசம்மாவுக்கு இழுப்பு. துண்டுக்கும் அவர்களுடைய பின்கதவுக்கும் இடையில் மூன்று அடிதான். மருந்தடிக்கிற நாளில் கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கை அடைத்து வைத்தாலும் ராசம்மாவின் நெஞ்சு விசில் அடிக்கும். ஒரு தடவை அது நிற்கவே இல்லை. மருந்துச்சாலையில் அவளைப் பார்த்த மருந்தையா, நம் கோவா டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தம்மா மூச்சு விடணும்னா அந்த வாசலில மருந்து வாசம் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்றோடு டாக்டர் டாங்கியைக் கவிழ்த்து வைத்தார். இப்போது அதில் ராசம்மாவின் கோழி அடைகாக்கிறது.

மருந்து நின்றதும் புழுக்கள் வந்தன. தலவாக்கலையிலிருந்து ரயில் பிடித்து வந்த மாதிரி வந்தன. ஒரே போகத்தில் துண்டு முழுவதும் வெறும் நரம்பும் குச்சியுமாக நின்றது. தோட்டத்து உதவி மேனேஜரான சின்னதுரை வந்து பார்த்தார். அவர் சிங்களப் பிள்ளை, தமிழை நன்றாகவே பேசுவார்.

"டாக்டர், இது புழு வளக்கிற துண்டு நே. மத்த ஆக்களுக்கும் புழு போகுது. அடுத்த போகம் சரியா வரல்லன்னா நான் முனியாண்டிக்குக் குடுப்பேன்."

முனியாண்டி அதே லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர், அடுத்த வீடு. அவருடைய துண்டு தள்ளி மேட்டில் இருக்கிறது. மருந்தடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மழையே அவரிடம் வந்து பழகிக்கொள்ள வேண்டும். என் கடைக்கு அவர் கோயிலுக்குப் போகிற மாதிரி வந்து போவார். துண்டு அவர் கைக்குப் போனால் ராசம்மாவின் கதவுக்கு மூன்றடியில் வாரம் இரண்டு தடவை மருந்து அடிபடும். மருந்தடித்தால் ராசம்மாவுக்கு மூச்சு போகும். அடிக்காவிட்டால் துண்டு போகும், துண்டு போனாலும் மூச்சு போகும். டாக்டர் மாட்டிக்கொண்ட இடம் அதுதான்.

அந்த நேரம் பார்த்து அரசாங்க விவசாயக் கந்தோரில் ஆபீசராக இருந்த ஒரு மிஸ் வந்தார். சின்னப் பிள்ளை, நல்ல குணம். தோட்டத்து மண்டபத்தில் சுவரில் படம் போட்டுக் காட்டினார். கூட்டத்துக்குத் தலைமை தாங்க என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். மண்ணில் ஒரு கிருமி இருக்கிறதாம். அது செய்கிற ஒரு சாமான் புழுவின் வயிற்றுக்குள் போனால் குடலை ஓட்டையாக்கிவிடுமாம். புழு தின்பதை நிறுத்திவிட்டுச் செத்துப்போகும். மனுஷன் வயிறு வேறு மாதிரி என்பதால் நம்மை அது ஒன்றும் செய்யாதாம். வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்றால், அந்தச் சாமானைச் செய்யச் சொல்லுகிற 'ஜீன்' என்கிற கட்டளையைக் கிருமியிலிருந்து எடுத்துச் செடிக்குள் வைத்துவிடுகிறார்கள். பிறகு செடியே தன் மருந்தைத் தானே செய்துகொள்ளும். பருத்தி, சோளம், கத்தரி எல்லாம் அப்படி வந்துவிட்டனவாம்.

டாக்டர் முதல் வரிசையில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மிஸ், அந்த விதையில ஒரு கைப்பிடி வாங்கித் தருவீங்களா?"

"நம்ம நாட்டுல பயிர் பண்ண அனுமதி இல்லங்க ஐயா. கோவாவுல அப்படி ஒண்ணு விக்கிறதாவும் தெரியல."

"சரி, பரவாயில்ல. நானே செஞ்சுக்கிறேன்."

மண்டபமே சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அதற்கு லெபோரட்டரி வேண்டும், கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கிற வேலை அது என்று பொறுமையாகச் சொன்னார். டாக்டர் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மிஸ் இன்னொன்றும் சொன்னார்: இப்படிப்பட்ட பயிர் போடுகிறவர்கள் பக்கத்தில் கொஞ்சம் சாதாரணச் செடியும் நட வேண்டுமாம். இல்லாவிட்டால் மருந்துக்கு அசையாத புழுக்களே மிஞ்சி, பெருகிவிடுமாம். இது டாக்டருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மறுநாளே துண்டின் ஓரத்தில் ஒரு வரிசையை ஒதுக்கி, 'புழுக்களுக்கு மட்டும்' என்று பலகை நட்டார். கீழே சிங்களத்திலும் எழுதியிருந்தார்.

"சிங்களம் எதுக்கு டாக்டரே?" என்று கேட்டேன்.

"எந்த ஊருலேருந்து வருதுன்னு யாருக்குங்க தெரியும்?"

இனி அவர் ஜீன் வைத்த கதை. டாக்டருக்கு உத்தியோகம் தேயிலை நர்சரியில். ஒரு இலையும் ஒரு கணுவும் இருந்தால் போதும், தேயிலைக் கன்று எழுப்பிவிடுவார். ஒட்டுக் கட்டுவதில் அவர் கத்திக்கு நிகர் கிடையாது, என் மூக்குக்கு நிகர் இல்லாத மாதிரி. நல்ல வேர் உள்ள தேயிலையில் நல்ல கொழுந்து உள்ள தேயிலையை ஒட்டினால் இரண்டு குணமும் ஒரே செடியில் நிற்கும். அவருக்குத் தெரிந்த விஞ்ஞானம் அது. தேயிலைக்குச் செல்லுபடியாவது கோவாவுக்கு ஏன் ஆகாது என்று கேட்டார். ரோட்டோரத்தில் காட்டுச் சூரியகாந்தி நிற்கிறது, அதைப் புழு தொடுவதில்லை. ஆகவே அதன் தண்டை வெட்டி, அதன் மேல் கோவா நாற்றை ஒட்டி, பொலித்தீன் சுற்றி, நிழல் கட்டி, நாற்பது செடி வைத்தார்.

மூன்றாம் நாள் முப்பத்தொன்பது செத்துப்போனது. ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. டாக்டர் அதைத் தினமும் வந்து என்னிடம் அறிவித்தார்.

"இன்னிக்கு ஒரு எலை விட்டிருக்குங்க."

"கோவா எலையா?"

"இப்பச் சொல்ல முடியாது. சின்னப் புள்ளதானே, வளந்தாத்தான் மொகம் தெரியும்."

வளர்ந்தது. டாக்டரை விட உயரமாக வளர்ந்தது. ஒரு நாள் காலையில் சூரியகாந்தியாகவே மஞ்சளாகப் பூத்தது. முனியாண்டி வந்து பார்த்துவிட்டு, "கோவாவுல பூத்த பூவ சாமிக்கே போடலாம் போலிருக்கே டாக்டரே" என்றார். டாக்டர் ஒரு வாரம் என் கடைப்பக்கம் வரவில்லை.

வந்தபோது வாசலில் நின்றே கேட்டார்: "முதலாளி, உங்ககிட்ட செத்த புழு இருக்குங்களா?"

"நான் புழுவைச் சாகடிக்கிறதுக்குத்தான் மருந்து வச்சிருக்கேன். பொணம் வச்சிருக்கல."

"மருந்துல செத்தது வேணாங்க. நோயில செத்தது வேணும். அந்தக் கெருமி அதுக்குள்ளதானே இருக்கும்?"

யோசித்துப் பார்த்தால் இந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருந்தது. என் கடையிலேயே அப்படியொரு கிருமித் தூள் விற்றிருக்கிறேன். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் போட்டி நடத்தியிருப்பார். அவர் கீழே நாலு தோட்டம் சுற்றி, கறுத்துத் தொங்கிச் செத்த புழுக்களாகத் தேடி, ஜாம் போத்தலில் தண்ணீரோடு போட்டு மூடினார். அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியது தப்பு. வளைவில் பஸ் ஆடியபோது மூடி கழன்றது. அந்தப் பஸ்ஸில் எப்போதும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு டிரைவரும் கண்டக்டரும் டாக்டரும் மட்டும் வந்து சேர்ந்தார்கள். டிரைவருக்கு வேறு வழியில்லை. கண்டக்டருக்குச் சளி.

மிச்சமிருந்த தண்ணீரை வடிகட்டி, மாட்டு டாக்டரிடம் கேட்டு வாங்கிய ஊசியால் ஒவ்வொரு கோவாவின் தண்டிலும் ஏற்றினார். ஏற்றும்போது, "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்க" என்றார். ஊசி குத்திய இடம் அழுகியதுதான் கண்ட பலன். அதே தண்ணீரை மேலே தெளித்த ஒரு வரிசையில் மட்டும் புழு குறைந்தது உண்மை. ஆனால் இரண்டு நாளில் மழை வந்து கழுவிக்கொண்டு போனது. எங்கள் ஊரில் மழை வராத வாரம் எது?

"அதுக்குத்தான் முதலாளி, மருந்து செடிக்கு உள்ளார இருக்கணும்ங்கிறேன். உள்ளார இருக்கிறதை மழை எப்படிக் கழுவும்?" என்றார். நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அழுகியதைப் பிடுங்கிவிட்டு, அதே போகத்திலேயே புது நாற்று நட்டார். சின்னதுரையும் கண்டும் காணாத மாதிரி பொறுத்துக்கொண்டார். முந்நூறு கோவா இருக்கும். உருண்டை பிடிக்கிற பருவத்தில் ராசம்மாவுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து, நெஞ்சில் இறங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். டாக்டர் லீவு போட்டுக் கூடவே போய்விட்டார். போகும்போது என் கடையில் இறங்கினார்.

"பத்து நாள்ல சின்னதொர பாக்க வர்றாரு. செடிய நீங்க ஒரு கண்ணு பாத்துக்குங்க. மருந்து மட்டும் அடிச்சிராதீங்க. அவ திரும்பி அங்கதான் வரணும்."

அன்று குழல் கழுத்தில் இல்லை.

நான் போய்ப் பார்த்தேன். இலைக்கு அடியில் கடுகு கடுகாகப் புழு. என் கையில் இருக்கிற மருந்தில் ஒரு மூடி அளவு போதும், சாயங்காலத்துக்குள் சுத்தமாகிவிடும். பத்து நாளில் வாசமும் போய்விடும் என்றுகூட நினைத்தேன். நினைத்தபடியே பின்கதவைப் பார்த்தேன். இடுக்கில் அந்தச் சாக்கு அப்படியே இருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தேன்.

கையால் புழுப் பொறுக்குவது விஞ்ஞானம் இல்லை என்று டாக்டர் சொல்வார். எனக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனால் இரண்டு லொறி வைத்திருக்கிற மருந்துக்கடை முதலாளி, ஒரு வாளித் தண்ணீரோடு இன்னொருவர் துண்டில் இலை இலையாகத் திருப்பிக்கொண்டிருந்தால், அதைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தெரியும். முதல் நாளே முனியாண்டி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டார்.

"என்ன முதலாளி, இங்க என்ன பண்றீங்க?"

"மோதிரம் விழுந்திருச்சு. தேடுறேன்."

"மோதிரம் விரல்ல இருக்கே?"

"இது வேற மோதிரம்."

முனியாண்டி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். அந்தத் துண்டு கெட்டால் அவருக்குத்தான் கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு வாளியோடு வந்து கடைசி வரிசையில் குனிந்தார்.

"எனக்கு இடுப்புப் பிடிப்பு. குனிஞ்சு நிமிந்தா நல்லதுன்னு சொன்னாங்க" என்றார்.

"உங்க துண்டுலயே குனியலாமே?"

"அங்க மேடு பள்ளம் சரியில்லீங்க."

பத்து நாள். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். அவர் இடுப்பைப் பற்றிப் பேசினார், நான் மோதிரத்தைப் பற்றிப் பேசினேன். அந்தப் பத்து நாளும் முனியாண்டி தன் துண்டிலும் மருந்தடிக்கவில்லை என்பதை என் கடை இருப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 'புழுக்களுக்கு மட்டும்' வரிசையை மட்டும் நாங்கள் தொடவில்லை. பலகை போட்டிருக்கிறதே.

சின்னதுரை வந்த காலையில்தான் டாக்டரும் ராசம்மாவைக் கூட்டிக்கொண்டு வேனில் வந்து இறங்கினார். துண்டில் கோவா உருண்டை உருண்டையாக உட்கார்ந்திருந்தது. அங்கங்கே ஓட்டை உண்டு, ஆனால் கோவா என்று எவரும் ஒப்புக்கொள்ளும். சின்னதுரை ஒன்றைத் தட்டிப் பார்த்தார்.

"ஷோக் நே! மருந்து அடிச்சது இல்ல?"

முனியாண்டியைப் பார்த்துத்தான் கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற முனியாண்டி, "ஒரு சொட்டு இல்லீங்க தொர. எம்புள்ள மேல சத்தியமா" என்றார்.

டாக்டர் குழலை எடுத்து வந்து ஒரு கோவாவில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு எழுந்து, சட்டையை நீவிவிட்டுச் சொன்னார்:

"ஜீன் புடிச்சிருச்சுங்க."

சின்னதுரை என்னைப் பார்த்தார். நான் மூத்தவன், ஊரில் என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு உண்டு. "அப்படித்தான் தெரியுது" என்றேன். துண்டு டாக்டரிடமே இருந்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஜீன் பிடித்துவிட்டது என்று ஆனபிறகு அடுத்த போகத்திலும் பிடித்துத்தானே ஆகவேண்டும்? "மண்ணுலேயே ஊறிப் போச்சுங்க, இனி எந்த நாத்து நட்டாலும் ஏறிக்கும்" என்று டாக்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே அவர் பெரட்டுக்குப் போய் மறைந்ததும் நானும் முனியாண்டியும் ஆளுக்கொரு வாளியோடு இறங்கினோம். அந்தப் போகம், அதற்கடுத்த போகம், இப்போது இது. கடையை நேரம் கழித்துத் திறப்பதால் வியாபாரம் கெடுகிறது என்று வீட்டில் ஏச்சு. ராசம்மா பின்கதவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். இரண்டு கிளாஸில் பால் போடாத பிளேன்டீயை ஊற்றிப் படியில் வைத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

போன வாரம் வழக்கம்போலப் போனேன். டாக்டர் அன்றைக்குப் பெரட்டுக்குப் போகவில்லை. துண்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். நான் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். என் உடம்புக்குப் பின்னால் வாளி என்ன, லொறியே மறையும். எனக்குப் பின்னால் வந்த முனியாண்டி வேலியோடு வேலியாக ஒட்டிக்கொண்டார். டாக்டர் எங்களைப் பார்க்காத மாதிரி குனிந்து, இரண்டு குட்டிப் பலகை முக்காலிகளை வரிசைக்கு ஒன்றாக வைத்தார். கால்கள் புதிதாக அறுத்தவை, மரத்தூள்கூட உதிரவில்லை.

"ஜீனுக்கும் முழங்கால் வலி வருமாம் முதலாளி. ராசு சொன்னா" என்றார். சொல்லிவிட்டு, குழலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

நான் முனியாண்டியைப் பார்த்தேன். முனியாண்டி என்னைப் பார்த்தார். இடுப்பையும் மோதிரத்தையும் விட்டுவிட்டு முனியாண்டி வேலியைத் தாண்டி வந்தார். முக்காலியில் உட்கார்ந்தேன். உயரம் அளவெடுத்த மாதிரி இருந்தது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்கதவில் ராசம்மா சிரிக்க ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்காமல், ஒரு சிரிப்பை முழுதாகச் சிரித்தாள். அது முடிகிற வரைக்கும் நான் புழுவைத் தேடவில்லை.